அதிர்ஷ்டக் கண்

நெம்மேலிக் கடற்கரையில் அலைகளைப் பார்த்து நிற்கும்போது, என் மூன்று வயது மகள் யாழினியின் இடது கண் மட்டும் கனவுக்குள் போவதுபோல் மெல்ல மூக்குப் பக்கம் நகரும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால், நானும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் சேர்க்கும் படிவத்தில், ‘குடும்பத்தில் யாருக்காவது கண் குறைபாடு உண்டா?’ என்றிருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். பக்கத்திலிருந்த நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

“இன்னா அண்ணி, எனக்கு கீதே! எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. அதிர்ஷ்டம்னு வுட்டுட்டாங்க. நல்ல கண்ண மூடிகினா நீங்களே எனக்குத் தெரிய மாட்டீங்க.”

ஐந்து வருடமாக அவள் முகத்தைப் பார்க்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாளே செங்கல்பட்டுக் கண் டாக்டரிடம் ஓடினோம். “இது பரம்பரையாவும் வரும். நல்லவேளை, இப்பவே வந்தீங்க” என்றவர், கண்ணாடி கொடுத்து, தினமும் சிறிது நேரம் நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொன்னார்.

யாழினிக்குப் பின் பிறந்த என் கைக்குழந்தைக்குக் கண் நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் எந்த டாக்டரிடம் போனாலும், கேட்கும் முன்பே அத்தை, தாத்தா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாலையில் ஒரு கண் மூடிய யாழினி கடலைக் காட்டுகிறாள். “அம்மா, படகு வருது!”

நாத்தனாரும் தன் நல்ல கண்ணைக் கையால் மூடிப் பார்க்கிறாள். கையை எடுத்த பிறகுதான் படகைக் கண்டு தலையாட்டுகிறாள்.