குழாயடி உறவு

ரமாபாய் யார் முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. கட்டில் கட்டிலாகப் போய்ப் போர்வையின் கால்பக்கத்தைத் தூக்குகிறாள். குதிகாலைத் தடவுகிறாள், விரலிடுக்குகளைப் பிரித்துப் புண் இருக்கிறதா என்று பார்க்கிறாள், தலையணையை எடுத்து மோந்து பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் கட்டிலில் ஆள் இருப்பது அவள் நினைவுக்கு வரும்.

"இன்னா கெய்வி, நகத்த இவ்ளோ வளத்து வச்சிகினுகீறே? யாரப் பிராண்டப் போறே?"

சிலுவையம்மாள் சிரித்துக்கொண்டே காலை நீட்டுவார். ரமாபாயின் இடுப்புப் பையிலிருந்து நகவெட்டி வெளியே வரும். பக்கத்துக் கட்டிலில் தன் முறைக்காகக் காலை நீட்டிக் காத்திருக்கும் ஸ்டானிஸ்லாஸ், ஒருகாலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "மொத எனக்கு வெட்டுன்னு போன வாரமே சொன்னேன்" என்று முணுமுணுப்பார். "ஒனுக்கு ரம்பம்தான் எட்த்துகினு வர்ணும், கம்முனு கெட" என்று பதில் வரும்.

திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் இந்த முதியோர் இல்லத்துக்கு அவள் ஞாயிறுதோறும் வருகிறாள். மற்ற நாட்களில் புளியந்தோப்பில் மாலை நேரத் தள்ளுவண்டி. மாட்டுக் குடலைக் கழுவி, மிளகு போட்டு வறுத்து விற்கிறாள். விரல்களில் மஞ்சள் ஏறியிருக்கும். எந்தச் சோப்புக்கும் அது போவதில்லை. வயது ஐம்பத்தாறு என்று சொல்வாள். ஆதார் அட்டையில் ஐம்பத்தொன்பது. அதை நான் சுட்டிக்காட்டியபோது, "அது கவர்மெண்டு வயசு நைனா, எனக்கு ஒத்துக்கல" என்றாள்.

அவள் பார்க்க வருவது பட்டம்மாளை. மற்றவர்களின் நகமும் குதிகாலும் வழியில் அகப்படுபவை. வாசலில் வாட்ச்மேன் ஜார்ஜ், "பேஷண்டுக்கு நீ என்ன உறவும்மா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். கேட்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. "கொயாயடி" என்பாள் ரமாபாய். இருவரும் ஒரே குடியிருப்பு வாரிய பிளாக்கில், எதிரெதிர் வீட்டில் இருந்தவர்கள். ரமாபாய் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மூன்று முறையும் கைபம்பில் தண்ணீர் அடித்து, மூன்றாம் மாடிக்குக் குடம் தூக்கியவர் பட்டம்மாள். இது இரத்த உறவா என்று கேட்டால் இல்லை. அதைவிடக் கனமானதா என்று கேட்டால், தண்ணீர்க் குடத்தை மூன்று மாடி தூக்கிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

பிளாக்கைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்தார்கள். பட்டம்மாளின் மகன் டில்லிபாபு மீஞ்சூரில் வாடகைக்குப் போனார். "வீடு செட்டாகும் வரைக்கும்" என்று அம்மாவை இங்கே சேர்த்தார். மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் அரை மணியில் இங்கே இறங்கலாம். அவர் இதுவரை ஏறியதில்லை. ரமாபாயோ மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு ஒரு தகரக் கொட்டகையில் கிடக்கிறாள். "பில்டிங்கு முடியட்டும். சாவி கைல வாங்குன அன்னிக்கே இத்த இட்டுகினு பூடுவேன். அதுவரிக்கும் இது உசிரோட இருக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லியிருக்கிறாள். கட்டி முடிக்க இன்னும் ஓரிரண்டு வருடமாம்; அதைப் பட்டம்மாள் தாண்ட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கால் பரிசோதனை எல்லாம். பட்டம்மாளுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மயக்கம்தான்.

இங்கே ஞாயிறு மதியச் சாப்பாடு யாராவது நன்கொடையாகத் தருவது. வாசகர்களே, உங்களில் பலர் தந்திருப்பீர்கள். பிறந்தநாள், திருமண நாள், திதி என்று தருவீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை, ஆகவே எழுதுகிறேன். நீங்கள் வரும்வரை நாங்கள் சாப்பிடக்கூடாது. நீங்கள் வந்ததும் கைதட்ட வேண்டும். உங்கள் குழந்தை ஒரு கரண்டி சாதம் வைக்கும்போது இலையைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்க வேண்டும். சரியாக வரவில்லை என்றால் வைத்த சாதத்தை எடுத்து மறுபடி வைப்பீர்கள். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு மூட்டை குறைந்தாலும் கப்பலை நகர விடமாட்டோம். இங்கே ஒரு கிழவிக்கு மயக்கம் வந்தாலும் நிகழ்ச்சி நிற்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுப்புராயன் என்பவருடையது. கன்டெய்னர் லாரிகள் வைத்திருப்பவர். அவருடைய அப்பாவின் நினைவு நாள். அப்பாவின் படத்துக்கு முன் இலை போட்டுப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும் என்று மேனேஜர் வில்சனிடம் சொல்லி வைத்திருந்தார். பாத்திரங்கள் வேனில் முதலில் வந்துவிட்டன. படமும் குடும்பமும் காரில் வந்துகொண்டிருந்தன. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசைக்கு நடுவில் கார் மாட்டிக்கொண்டது. யாருடைய லாரிகள் என்று நான் விசாரிக்கவில்லை.

நர்ஸ் ஜூடி நல்ல பெண். நன்கொடை நாட்களில் சாப்பாடு தாமதமாகும் என்பதால், பாத்திரம் இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பார். அன்றும் சத்தம் கேட்டது, பட்டம்மாளுக்குப் போட்டுவிட்டார். பாத்திரத்துக்கும் இலைக்கும் நடுவில் ஒரு படம் வர வேண்டியிருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இலைகள் போட்டாகிவிட்டது. சாம்பார் வாசனை கூடம் முழுக்க. பட்டம்மாளின் நெற்றி வியர்த்தது. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. ஜூடி வில்சனிடம் ஓடினார். "சார், ரெண்டு கரண்டி மட்டும் குடுத்துடறேன். ஊசி போட்டாச்சு."

"படைக்காம எப்படிம்மா தொடறது? டோல்கேட் தாண்டிட்டாராம், பத்து நிமிஷம். பிஸ்கட் இருந்தா குடு."

பிஸ்கட் இல்லை. அதுவும் ஒரு நன்கொடையாளர் தருவது; அந்த மாதம் அவர் தரவில்லை.

அப்போதுதான் ரமாபாய் உள்ளே வந்தாள். வழக்கம்போலப் பட்டம்மாளின் காலைத் தொட்டாள். ஈரமாகச் சில்லிட்டிருந்தது. ஜூடியைப் பார்த்தாள். ஜூடி அழுதுகொண்டே பாத்திரங்களைப் பார்த்தார். ரமாபாய்க்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வரிசையில் கடைசியாக இருந்த பாயசப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாள். டம்ளரை அப்படியே உள்ளே விட்டு மொண்டாள்.

"ஏய், என்ன பண்ற! அது படையலுக்கு!" வில்சன் குறுக்கே வந்தார்.

"செத்துப்போனவரு பசி தாங்குவாரு மேனேஜரு. இது தாங்காது. நவுரு."

பட்டம்மாளின் பின்தலையை இடது கையில் ஏந்தி, மடக்கு மடக்காகப் புகட்டினாள். "முய்ங்கு கெய்வி. சாவி வாங்கறதுக்குள்ள பூடலாம்னு பாக்குறியா? தோலு உரிச்சிடுவேன்." இரண்டாவது டம்ளர் முடியும்போது பட்டம்மாள் கண்ணைத் திறந்து, "ஏலக்கா கம்மி" என்றார்.

ரமாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, யாரையும் கேட்காமல், சாதக் கரண்டியை எடுத்து வரிசையின் முதல் இலையிலிருந்து பரிமாற ஆரம்பித்தாள். நாங்கள் சாப்பிட்டோம்.

சுப்புராயன் மாலை போட்ட படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது நாங்கள் ரசத்துக்கு வந்திருந்தோம். அவர் கத்தவில்லை. "எங்கப்பாவுக்கு வைக்கறதுக்கு முன்னாடியே எச்சில் பண்ணிட்டீங்களே" என்றார். குரல் உடைந்திருந்தது. அவருடைய துக்கம் உண்மையானது. என் கோபமும் உண்மையானது.

ரமாபாய் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நைனா, ஒங்கப்பா உசிரோட இருந்தா, இந்தக் கெய்விய மயக்கம் போட வுட்டுட்டு எனக்கு மொதல்ல போடுன்னு கேட்டிருப்பாரா? கேக்குற ஆளா இருந்தா, படத்த வூட்டுக்கே எட்த்துகினு போ. கேக்க மாட்டாருன்னா, இப்டி குந்து. எல போடறேன், ரெண்டு பேருக்கும்."

அவர் உட்காரவில்லை; படத்தோடு திரும்பி நடந்தார். வாசல் வரை பின்னால் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிய வில்சன், டில்லிபாபுவுக்குப் போன் போட்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். ஊசியைப் பற்றியோ வியர்வையைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை; கலாட்டா என்று மட்டும் சொன்னார்.

"அவங்க யாரு சார் எங்கம்மாவுக்கு? உள்ள விடாதீங்க" என்றது மீஞ்சூர்.

இனி இரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று வில்சன் அறிவித்தார். அந்த விதிப்படி இங்கே வரக்கூடியவர்கள் அநேகம் பேர். வருகிறவர்கள் யாரும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு பிறந்தநாள். மதியம் கடந்தும் கேக் வந்து சேரவில்லை. பாத்திரங்கள் மூடியபடி இருந்தன. ஜூடியை அந்த வாரத்திலிருந்து இரவுப் பணிக்கு மாற்றியிருந்தார்கள். பகலில் புதுப் பெண். நான் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தேன். ரமாபாய் தெருமுனையில் திரும்பி வருவது தெரிந்தது. ஜார்ஜ் கேட்டைப் பூட்டிவிட்டு, "எனக்கு பேஜார் பண்ணாதம்மா, வேலை போயிடும்" என்றார்.

"ஒன்ன யாரு இன்னா சொன்னது? நீ ஒன் வேலயப் பாரு" என்றாள். கேட்டுக் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தள்ளுவண்டியில் கூவிக் கூவிப் பழகிய குரலை எடுத்தாள்.

"ஸ்டானிஸ்லாஸூ! துன்ட்டியா?"

கூடத்து ஜன்னல் வழியாக வந்தது, கிரேன் மேலிருந்து கத்திப் பழகிய பதில். "இன்னும் இல்ல!"

"சிலுவம்மா! நீ?"

"எங்கடி! கேக்கு வந்தாத்தான் சோறாம்!"

தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். எதிர் வீட்டு மாடியில் இருவர் எட்டிப் பார்த்தார்கள். ரமாபாய் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பட்டு! ஏ பட்டு! ஊசி போட்டாங்களா?"

"போட்..." என்று மெலிந்த குரல் தொடங்கியது. வில்சன் பிறந்தநாளுக்காகக் கட்டியிருந்த ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் போட்டார். வாழ்த்துப் பாட்டு கட்டடத்தையே அதிரச் செய்தது. பட்டம்மாள் சொன்னதன் மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை.

ரமாபாய் இன்னொரு முறை கூவவில்லை. செருப்புகளைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் இறுகச் செருகினாள். பூட்டிய கேட்டின் குறுக்குக் கம்பியில் வலது காலை வைத்து ஏறினாள்.