ஐஸ் கம்பெனியில் ஒரு கிழிந்த வலை

ஓவியக் கூடம் நடத்துவது என்பது, சுவரைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று பக்கத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தொழில். மகளைப் பெண் பார்க்க ஆள் வரும் நாளில் காபி ஆற்றியவர்களுக்கும், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக் வேலை செய்யுமா என்று தட்டிப் பார்த்தவர்களுக்கும் இந்த வலி தெரியும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய் அழ?

இடம் கிடைத்தது

ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆறு வருசம் கேலரி நடத்தினேன். சொந்தக்காரர்களுக்கு நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பதாக எண்ணம். முதுகுளத்தூரிலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "பாஸ்போர்ட் போட்டோவாச்சும் எடுக்கலாம்ல" என்பாள். நானும் ஆமா ஆமா என்று வைத்துவிடுவேன். இந்த வருசம் செல்போன் கடைக்காரருக்கு வியாபாரம் பெருகி, மாடியும் வேண்டும் என்றுவிட்டார். ஆறாம் ஆண்டு நிறைவுக்குப் பதினோரு ஓவியர்களைக் கூட்டிக் கண்காட்சி வைப்பதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஓவியர்கள் இருக்கிறார்கள், ஓவியம் இருக்கிறது, மாட்டத்தான் சுவர் இல்லை.

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகிற ரோட்டில் கபூர் பாயின் பழைய ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஒரு காலத்தில் அத்தனை படகுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போகும். போய்க் கேட்டேன். பாய் நல்ல மனுசன், உடனே சாவியை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு கல்லையும் தூக்கி என் வயிற்றில் போட்டார். அவர் "இல்லை" என்றால் கேலரி அதோடு சரி. வேறு இடம் தேட என்னிடம் தெம்பும் இல்லை, ஊரில் இடமும் இல்லை. அவர் சொன்னது இதுதான்:

"பண்ணிக் காட்டுத்தா. சனம் வருதான்னு பாப்போம். மருமகப்புள்ள இங்கன கல்யாண மண்டபம் கட்டணும்னு நிக்கிறாரு. தெறப்பு விழா அன்னைக்கே வந்து ஒரு முடிவு சொல்லிர்றேன், இன்ஷா அல்லாஹ்."

சுவர் வியர்த்தது

வெள்ளையடித்தோம். மறுநாள் காலையில் சுவரெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. மறுபடி அடித்தோம். மறுபடி வியர்த்தது. சோதனைக்கு ஒரு காகிதத்தை ஒட்டிப் பார்த்தேன், சாயங்காலத்துக்குள் எண்ணெயில் போட்ட அப்பளமாகச் சுருண்டுவிட்டது. ஆணி இரண்டே நாளில் துருப்பிடித்தது. மதுரையிலிருந்து நீர்வண்ண ஓவியம் தருகிற பெரியவர் ஒருவர் தினம் மூன்று தடவை போன் பண்ணி, "அங்க ஈரம் இருக்கா?" என்று கேட்பார். "சேச்சே, இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொள்வேன்.

சிக்கல் என்கிற ஊரிலிருந்து வந்த கொத்தனார் சுவரில் காதை வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கடைசியில், சுவரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளிப் பலகை நிறுத்தி அதில் மாட்டச் சொன்னார். அந்த யோசனைதான் பதினோரு பேர் மானத்தைக் காப்பாற்றியது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இது எப்பத்தான் காயும் என்று அவரிடமே கத்தினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"வருசக்கணக்கா ஐஸ் வச்ச செவுரும்மா. நாலு நாள்ல காயின்னா அதுக்குக் கோவம் வராதா?"

முதல் ரசிகர்

படங்கள் வர ஆரம்பித்ததும் கதவைத் திறந்து வைத்தேன். ஆட்களும் வந்தார்கள்! பாய் போனில் "சனம் வருதாத்தா?" என்று கேட்டபோது, "வந்துக்கிட்டே இருக்கு பாய்" என்றேன். இது பொய்யில்லை. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதில் ஒருவர் மட்டும் மனசில் நிற்கிறார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பத்துக்கு எட்டு அடியில் முழுக்க நீலமாக ஒரு ஓவியம் உண்டு, அதன் முன்னால் நின்றார். எனக்குக் கை காலெல்லாம் துள்ளியது. நீலத்தில் எத்தனை அடுக்கு இருக்கிறது, ஓவியர் எதை மனசில் வைத்துத் தீட்டினார், எங்கே நின்று பார்த்தால் ஆழம் தெரியும் என்று கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கம் கேட்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். நான் முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எல்லாம் சரித்தா. ஐஸ் எப்ப வரும்? வண்டியில மீனு கெடக்கு."

வலை

கண்காட்சியில் நடுநாயகம் ஜெனிஃபரின் வலை. ஜெனி தங்கச்சிமடத்துப் பெண், மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அவளுடைய அப்பா அந்தோணி நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். ஒருநாள் அவர் விரித்திருந்த வலைமேல் ஒரு விசைப்படகு ஏறிப் போய்விட்டது. ஆள் குனியாமல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதோடு மனுசன் கடலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அந்த வலையை எப்படி வந்ததோ அப்படியே தொங்கவிட வேண்டும், வேறு ஒன்றும் செய்யக் கூடாது, பேர் 'கிழிசல்'. இதுதான் ஜெனியின் படைப்பு. மூன்று மாதம் கெஞ்சி வாங்கினேன். உள்ளே நுழைந்ததும் அதுதான் கண்ணில் படும். பாயை அசைக்கப் போவது அதுதான் என்று நான் மலைபோல நம்பியிருந்தேன்.

வலையை முறையாகக் கட்டித் தொங்கவிட நமக்கு வருமா? பாம்பனிலிருந்து சேவியர் அண்ணனைக் கூப்பிட்டேன். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் வலை பின்னுகிற ஊசியை வைத்திருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விழாவன்று காலையில், "மேல கட்டிவிட்டுட்டுக் கெளம்பிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அச்சடித்த அட்டைகளை வாங்க ராமநாதபுரம் போனேன். அச்சகத்தில் கரண்ட் இல்லை. திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

வந்து பார்த்தால், வெள்ளை வலையில் பளீரென்று நீல நூல். சேவியர் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாதி ஓட்டையை அடைத்தேவிட்டார். ஆள் நுழைந்த ஓட்டையில் இப்போது ஆட்டுக்குட்டிதான் நுழையும். "ஐயோ அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீக!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நான் கூலியை நினைத்துப் பதறுவதாக அவருக்குத் தோன்றியது போல. பெருந்தன்மையாகக் கையை அசைத்தார்:

"இதுக்கெல்லாம் கூலி வேணாம் தங்கச்சி. நாலு ஊர் சனம் வந்து பாக்குற எடத்துல கிழிஞ்ச வலைய அப்படியே தொங்கவிட்டா, பாம்பன்ல வலை பின்ன ஒரு ஆம்பள கூடவா இல்லன்னு கேக்க மாட்டானா?"

ரெண்டு மணி பஸ்

விழா ஐந்து மணிக்கு. ஜெனி ரெண்டு மணிக்கு வந்து சேர்கிற பஸ்ஸில் வருகிறாள். எனக்கு இருந்தது அரை மணி நேரம். கத்தரிக்கோலை எடுத்தேன். "பின்னுன வலைய வெட்டுறதா? மாதாவே!" என்று சேவியர் அண்ணன் குறுக்கே வந்து நின்றுவிட்டார். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். எலி கடித்துவிட்டது என்றால் நம்புவார்கள். எலி பின்னிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

ஜெனி வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, வெட்கங்கெட்டு அழுதேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வலைக்குக் கிட்டே போய் நீல நூலை விரலால் தடவிப் பார்த்தாள். இந்தப் பெண் இப்போது வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால் நடுக்கூடம் மொட்டையாக நிற்கும், பாய் வந்து அதைத்தான் பார்ப்பார் என்று என் மண்டைக்குள் ஓடியது. அந்த நேரத்திலும் எனக்கு என் கவலைதான், மறைப்பானேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இத அப்பா அன்னைக்கே பின்ன உக்காந்தாரு அக்கா. இப்படியே இருக்கட்டும், எனக்கு வேணும்னு சொல்லி, ஊசியப் புடுங்கி ஒளிச்சு வச்சது நாந்தான்."

முடிச்சு

அந்தோணி அண்ணன் விழாவுக்கு வர மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். "கிழிஞ்சதத் தொங்கவிட்டு ஊருக்கு வேடிக்கை காட்டுவீக, அத நான் வந்து வேற பாக்கணுமாக்கும்" என்றாராம். ஜெனி பாதி பின்னிய வலையைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினாள். பதில் இல்லை. மணி நாலரை. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் போட்டு அறைகிறது. போட்ட நாற்காலிகள் எல்லாம் காலி. நூறு பேருக்குச் சொன்ன டீ கேனில் ஆறிக்கொண்டிருக்கிறது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நான் நடந்த நடையில் பாம்பன் பாலத்தையே கடந்திருக்கலாம்.

அஞ்சுக்குப் பத்து நிமிசம் இருக்கும். வெள்ளைச் சட்டையும் கைலியுமாக ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஊசியும் நூலும். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, நேரே வலையிடம் போனார். நீல முடிச்சு ஒன்றை இழுத்துப் பார்த்தார். "யாருய்யா இந்த முடிச்சப் போட்டது?" என்றார். அவ்வளவுதான், அந்தோணி அண்ணனுக்கும் சேவியர் அண்ணனுக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. பாம்பன் முடிச்சு தேவலையா, தங்கச்சிமடத்து முடிச்சு தேவலையா? சேவியர் அண்ணன் தன் பக்கம் பேச ஆள் வேண்டும் என்று போனைப் போட்டார். அரை மணியில் லோடு ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். அவருக்கு மட்டும்தான் ஆள் உண்டா? தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வேன் வந்தது. கூடம் நிறைந்தது. வந்தவர்கள் படங்களையும் விடவில்லை. அந்த நீல ஓவியத்தின் முன்னால் ஒரு அக்கா நின்று, "இது மழைக்கு முந்துன தண்ணில்ல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கால் மணி நேரம் நான் விளக்கியது இதைத்தான்.

இந்தக் களேபரத்தில் கபூர் பாய் வந்தார். கூடவே மருமகன், கையில் அளவு டேப்! வந்ததும் வராததுமாக மேடை எங்கே, பந்தி எங்கே என்று அளக்க ஆரம்பித்துவிட்டார். பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வலைக்கிட்டே போனார். அந்தோணி அண்ணன் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார், ஜெனி நூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாய் குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இது எப்ப முடியும்?" என்று கேட்டார்.

சேவியர் அண்ணன் முந்திக்கொண்டார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம் பாய்." அந்தோணி அண்ணன் தலையைத் தூக்கினார். "எது, மத்தியானத்துக்குள்ளயா? நீ போட்டத பூராம் அவுத்துட்டுல்ல நான் ஆரம்பிக்கணும்! அவசரப்பட்டா இது வலையா இருக்காது, சல்லடையாத்தான் இருக்கும்" என்றார். மறுபடி சண்டை. பாய் மருமகனைப் பார்த்து, டேப்பைச் சுருட்டச் சொல்லிச் சைகை காட்டினார். என் பக்கம் திரும்பினார்:

"உக்காந்து தொழில் செய்யிற மனுசன எந்திரின்னு சொல்றது எங்க வீட்டுப் பழக்கம் இல்லத்தா. அந்த வலை முடியிற வரைக்கும் நீ இரு. முடிஞ்ச அன்னைக்கு வந்து சாவியக் குடுத்துரு."

ஆக, சக அவதிக்காரர்களே, எல்லாரும் எடுத்த காரியம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று கும்பிடுகிற இந்த ஊரில், அந்தோணி அண்ணனும் சேவியர் அண்ணனும் முடிச்சு விசயத்தில் ஒருநாளும் ஒத்துப்போய்விடக் கூடாது என்று கோயில், மாதா கோயில், தர்கா என ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டு ஏழாவது வருசத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.