மாண்டோவில் ஏறும் கடல்

மாண்டோத் தீவுக்குப் பாலம் இல்லை. கடல் வற்றும்போது அதன் தரைதான் பாதை; உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் போய், தண்ணீர் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். இந்த மாரிகாலத்தில் எங்கள் டேனிஷ் வகுப்பைத் தவிர ஒருவரும் இங்கே வரவில்லை. வராவிட்டால் பொறுப்பில்லாதவள் என்று ஆசிரியர்கள் நினைப்பார்களோ என்ற பயத்தில், கைக்குழந்தையோடு வந்திருக்கிறேன். வந்ததுதான் பிழையோ?

இன்று மாலை கொழும்பிலிருந்து என் கணவர், நான் வசிக்கும் பிராண்டே ஊரில், மேல்வீட்டு அண்ணையின் தொலைபேசிக்கு எடுப்பார். முன்கூட்டியே பதிந்த அழைப்பு. எண்ணை மாற்ற முடியாது. அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட டேனிஷ் அரசிடம் அனுமதி கேட்டு வருடம் கடந்தும் பதில் இல்லை. மகளை அவர் கண்டதில்லை. மாதம் ஒருமுறை அவள் குரலைக் கேட்கிறார், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் நிறுத்துகிறார். பாதையைக் காட்ட ஓரத்தில் நட்ட தடிகள் பாதி மூழ்கிவிட்டன.

"மேற்குக் காத்து கூடிட்டுது. திரும்பித் தீவுக்கே போவம்," என்கிறார் டேனிஷில்.

"கொஞ்சம் வேகமாப் போகேலாதோ?"

அவர் என் மடியைப் பார்க்கிறார். "பிள்ளையோடையோ?"

இயந்திரம் தீவை நோக்கித் திரும்புகிறது.

தீவில் ஓட்டுநர் வீட்டுத் தொலைபேசியில் அண்ணையைப் பிடிக்கிறேன்.

"அண்ணை, கடல் வந்து றோட்டை மூடிட்டுது. விடியத்தான் வரேலும். அவரிட்டைச் சொல்லுங்கோ."

"கடல் றோட்டுக்கு வந்ததோ? நல்ல கதை! உன்ரை மனிசன் நம்பவே மாட்டான், பிள்ளை," என்று சிரிக்கிறார்.

தொலைபேசியைக் கண்டதும் மகள் அதைப் பிடித்திழுத்து, வழமைபோல் "அப்பா" என்கிறாள்.

சிரிப்பு நிற்கிறது.

"ஓம் குஞ்சு," என்கிறார் அண்ணை. "சொல்லுறன்."