ஐந்து நாள் இரத்தம்

1. ஞாயிறு காலை, மலைநாட்டில் கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு லொறி எங்கள் ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்கு வந்தது.
2. ஒரே லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள், லொறி நிறைய, எங்கள் வார்டில் இருக்கும் தங்கள் சாந்தினிக்கு இரத்தம் கொடுக்க இறங்கினார்கள்.
3. பாதிப் பேரைத் திரும்பிப் போகச் சொன்னேன்.
4. யாரும் போகவில்லை.

சாந்தினிக்கு எலும்பு மச்சையில் நோய். மருந்து வேலைசெய்யத் தொடங்கும்வரை, இரத்தக் கசிவை நிறுத்தும் குருதிச் சிறுதட்டுகளை (பிளேட்லெட்) வாரத்துக்கு இரண்டு தடவை ஏற்ற வேண்டும். அவற்றை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தாலும் நாளாக நாளாகச் சோர்ந்துவிடும். பழைய பையை ஏற்றினால் பலன் குறைவு. குளிரும் வெக்கையும் அவற்றுக்கு ஆகாது. நான் முன்பு வேலை செய்த யாழ்ப்பாணத்தில் அவற்றை வைக்கும் அறையை ஏசி போட்டுக் குளிர்விப்போம்; இங்கே அதே அளவுக்கு ஹீட்டர் போட்டுச் சூடாக்குகிறேன்.

எங்கள் ஊரில் நோயை அயலுக்குத் தெரியாமல் வைத்திருப்போம். இரத்தம் தேவையென்றால் ஒவ்வொருவராக அழைப்போம், ஒவ்வொருவராக வருவார்கள். இங்கே சாவோ கல்யாணமோ, லயமே கிளம்புகிறது.

"இண்டைக்கு எல்லாரும் தந்தால் வாற கிழமை ஆரிட்டைக் கேக்கிறது? குடுத்த ஆக்களிட்டை நாலு மாசத்துக்கு எடுக்கேலாது" என்றேன்.

சாந்தினியின் அண்ணன் செல்வம் பொறுமையாக விளக்கினார். வேலை நாளில் வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. தவிர, யாரை நிறுத்துவது? நிறுத்தப்பட்டவர் லயத்தில் எப்படி முகம் காட்டுவார்? பின்னாலிருந்து ஓர் அக்கா கேட்டார்: "யாழ்ப்பாணத்து மிஸ்ஸுக்கு எங்க ரத்தத்துல தேயிலச் சாயம் இருக்கும்னு பயமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் ஊரார் இந்தத் தோட்டத்து மக்களைக் கீழாக நடத்திய விதம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. நான் சொன்ன ஐந்து நாள் கணக்கு யார் காதிலும் ஏறவில்லை. சிவப்பணுக்கள் வேறு நோயாளிகளுக்கு உதவும், எடுத்துவிடு என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எல்லோரிடமும் எடுத்தோம்.

திங்கள் ஏற்றியது நன்றாகப் பிடித்தது. வெள்ளி ஏற்றியதில் சிறுதட்டு எண்ணிக்கை அசையவேயில்லை எனலாம். அன்றோடு நாள் முடிந்த மிச்சப் பைகளை நானே அப்புறப்படுத்தினேன். செல்வம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது கேட்டார்: "எங்க ஆளுங்க எல்லாரும் குடுத்துட்டாங்க மிஸ். ஒங்க ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

என் வீட்டார் ஒரு நாள் பயணத் தூரத்தில். இந்த நகரத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். என்னோடு மூவர். ஒரு தடவை ஏற்ற ஐவரின் இரத்தம் வேண்டும். இன்று காலை சாந்தினியின் ஈறில் மறுபடி இரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறது.