தகடு வேர்த்த காலை

மார்லிஸ் ட்வெய்ட் இருபத்தாறு வருஷம் ஒரு நாளிதழ் அச்சகத்தில் தகடு தயாரித்தவள். பிலிமிலிருந்து அலுமினியத் தகட்டுக்கு எழுத்தை ஏற்றி, மருந்துத் தண்ணீரில் கழுவி எடுப்பாள். அச்சகம் மூடியபின், வடக்கு மினசோட்டாவில் நாலே பேர் கொண்ட ஒரு கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பிலிமும் இல்லை, மருந்தும் இல்லை. இங்க்ஜெட் இயந்திரம் மையை நேராகத் தகட்டில் தெளிக்கும். அடுப்பில் சுட்டால் மை இறுகி, தகடு அச்சுக்குத் தயார். முதலாளி டுவேன் கோல்ஸ்டாட் வீட்டை அடமானம் வைத்து உருவாக்கிய இயந்திரம் அது.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் நாற்பது மைல் தள்ளியிருந்த ஓர் ஊரின் வாரப் பத்திரிகை அதைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தது. கம்பெனியில் கூர்மையாக விழுந்த எழுத்தெல்லாம் அங்கே கசிந்து பரவியது. டுவேன் மையை மாற்றினார், மைத்துளைகளைக் கழற்றிக் கழுவினார். இரண்டு நாள் வீணானது. அச்சு ஓட்டும் ஆர்லின், இந்த இயந்திரம் ஆபீஸ் கடுதாசி அடிக்கத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் காலை, வெளியே மைனஸ் இருபது டிகிரி குளிர். மார்லிஸ் வேனிலிருந்து தகட்டுப் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுவந்தாள். நுழைந்ததும் உள்ளே இருந்த வெப்பத்தில் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து வெள்ளையாக மூடிக்கொண்டது. சட்டை நுனியால் துடைத்தவள் சட்டென்று நிறுத்தி, ஒரு தகட்டை உருவி விரலால் தடவிப் பார்த்தாள். ஈரம்.

"டுவேன், தகடு வேர்த்திருக்கு. மை மேல தப்பே இல்ல."

அவர் தடவிப் பார்த்தார். "ரெண்டு நாளா நான் எதக் கழுவிக்கிட்டு இருந்தேன்?"

"தினமும் எறக்கினது நாந்தானே, எனக்கே தோணலியே. மதியம் வரைக்கும் இதத் தொடாதீங்க."

மதியம் காய்ந்த தகட்டில் மை விழுந்தது. சுட்டு எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். புள்ளிகள் உருண்டையாக, ஓரம் பிசிறில்லாமல் இருந்தன. நாலாயிரம் பிரதி ஓடியது. ஐந்நூறுக்கு ஒன்றாக உருவிப் பார்த்தாள். கடைசித் தாளிலும் மரண அறிவிப்பின் பொடி எழுத்து உடையவில்லை.

ஆர்லின் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார்.

அந்தப் பக்கத்து ஆட்கள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. டுவேன் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மார்லிஸுக்கு இரண்டு நாளாக விறைத்திருந்த கழுத்து இளகியது; பசியும் அப்போதுதான் தெரிந்தது. ஆர்லின் தன் சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். மறுக்காமல் வாங்கித் தின்றாள்.

திரும்பும் வழியில் டுவேன் வேனை ஓட்டினார். நாற்பது மைலும் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.