புதன்கிழமை ஓட்டம்

1. மைக்

எங்கள் ஊர் மன்றத்தின் குடும்ப விளையாட்டு விழாவை நான் பொறுப்பேற்று நடத்திய முதல் நாளிலேயே மைக்கில் ஒரு வாக்கியம் தப்பாகப் பேசிவிட்டேன்.

இருபத்தாறு வருடம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வரிசை, விசில், நேரம் இந்த மூன்றும் என் ரத்தத்தில் ஊறியவை. ஓய்வுக்குப் பிறகு ஆண்டர்சன்பேட்டை மன்றத்தின் செகரெட்டரி வீட்டுக்கு வந்து, "பசங்க எல்லாம் போனை வெச்சிக்கினு வீட்லயே கீதுங்க டீச்சர். வாரா வாரம் ஞாயித்துக்கிழமையில நீங்க இன்னாவாவது நடத்துங்களேன்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

அந்த ஞாயிறு காலை எலுமிச்சை ஸ்பூன், சாக்கு ஓட்டம் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கடைசியாக மூன்று கால் ஓட்டம். அப்பாவின் ஒரு காலையும் பிள்ளையின் ஒரு காலையும் துணியால் சேர்த்துக் கட்டி ஓட வேண்டும். நான் மைக்கில் சொன்னேன்: "அப்பாவும் பிள்ளையும் ஜோடியா லைன்ல வாங்க. அப்பா வராதவங்க எல்லாம் அந்த ஓரமா நில்லுங்க."

இரண்டு மூன்று பேர் ஒதுங்குவார்கள் என்று நினைத்தேன். பதினேழு பேர் போனார்கள். லைனில் நின்றது ஒன்பது ஜோடி.

இந்த ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஹோட்டல், மால், அபார்ட்மென்ட் வேலைகளுக்கு ஞாயிறு லீவு கிடையாது. எனக்கும் அது தெரியும். விழா லிஸ்ட் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஓரமாகப் போனவர்களில் நாலாம் வகுப்பு நித்யாவும் ஒருத்தி. சட்டையில் குத்தியிருந்த நம்பர் சீட்டைக் கழற்றி, நாலாக மடித்து என் மேஜையில் வைத்துவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் விசில் ஊதினேன்.

2. காதில் விழுந்தது

மறுநாள் சாயங்காலம் நித்யாவின் அம்மா கலா, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மன்றத்துக்கு வந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். எம்பொண்ணு நேத்துல இருந்து சரியா சாப்புடல."

"இன்னா ஆச்சும்மா?"

"ஒனக்கு டாடி இல்லியான்னு பசங்க கேட்டுச்சுங்களாம். அப்பா இல்லாதவங்க தனியா நில்லுங்கன்னு நீங்க மைக்ல சொன்னீங்களாமே?"

"'வராதவங்க'ன்னுதானேம்மா சொன்னேன்."

"இருக்கலாம் டீச்சர். அவ காதுல அப்படித்தான் விழுந்துகீது."

அவளோடு வீட்டுக்குப் போனேன். நித்யா தரையில் உட்கார்ந்து பள்ளியில் கொடுத்த கன்னடக் கையெழுத்துப் பயிற்சியை எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு வருவாயா என்று கேட்டேன். நிமிராமலே தலையை ஆட்டி மறுத்தாள். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். இது கோபம் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

3. லீவு நாள்

புதன்கிழமை அவள் அப்பா சேகரே வந்தார். பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "மேடம், அந்த ஓட்டத்த புதன்கிழமை வெக்க முடியுமா? எனக்கு அன்னிக்குத்தான் லீவு" என்றார்.

"ஸ்கூல் நாளாச்சேங்க."

"நாலு மணிக்கு விட்டுடறாங்க மேடம். ஒரு ஓட்டந்தானே. துணி வேணா நானே எடுத்தாறேன்."

"மத்தவங்களுக்கும் புதன்தான் லீவா?"

"இல்ல மேடம். ஆளுக்கொரு நாளு. சில பேருக்கு லீவே கெடையாது."

செகரெட்டரியிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒரே நாள்ல வெச்சாத்தான் டீச்சர் கூட்டம் தெரியும். நாலு பேரு ஓடறத போட்டோ எடுத்து யாருக்குக் காட்டறது?"

"யாருக்கும் காட்ட வேணாங்க" என்றேன். அவர் மைதானத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஒங்க இஷ்டம். முடிச்சிட்டு பூட்டிடுங்க."

அந்த வாரம் ஒரு நோட்டுடன் பதினேழு வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் அப்பா நிஜமாகவே இறந்திருந்தார். அவர் மகள் ஜெயா ஓரமாகப் போய் நின்றதை நினைத்தபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவளே, "பெரிம்மா ஓடுவாங்க மிஸ். ஓடலாமா?" என்று கேட்டாள். இன்னொரு வீட்டில் அப்பா தினமும் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் கோல் ஊன்றி நடப்பவர். பெங்களூருக்கு வேலைக்குப் போவது அம்மா. அன்றைக்கு நோட்டில் எழுதியிருந்த 'அப்பா' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'கூட ஓடுபவர்' என்று எழுதினேன். பக்கத்தில் கோடு போட்டு 'லீவு நாள்' என்று இன்னொரு தலைப்பும் எழுதினேன்.

4. ஆறு ஜோடி

அடுத்த புதன்கிழமை நாலரை மணிக்கு ஆறு ஜோடிகள் வந்தன. மைக் வைக்கவில்லை. நித்யா தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் லைனில் வந்து நின்றாள்.

ஜெயாவின் பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி முதலில் வந்தார். நித்யாவும் சேகரும் பாதி தூரத்தில் விழுந்தார்கள். எழுந்து, நடந்தே வந்து கடைசியாக முடித்தார்கள்.

சேகர் மண்ணைத் தட்டியபடி, "இன்னொரு வாட்டி ஓடலாமா மேடம்?" என்றார்.

என் வேலைக்காலத்தில் தோற்றவர் கேட்டார் என்பதற்காக ஒரு ஓட்டத்தை நான் மறுபடி நடத்தியதே இல்லை. விசில் ஊதினேன். அன்று மூன்று தடவை ஓடினார்கள். மூன்று தடவையும் நித்யாவும் சேகரும் ஜெயிக்கவில்லை. ஆனால் மூன்றாவது தடவை விழவில்லை.

துணியை அவிழ்க்கும்போது நித்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

முடிச்சை அவிழ்த்தபடியே அவள் சொன்னாள், "பரவால்ல மிஸ். ஆனா இத மைக்ல சொல்லாதீங்க."

மற்றவர்களுக்கு திங்கள், செவ்வாய், வெள்ளி என்று சிறிது சிறிதாக நடத்தினோம். எந்த நாளிலும் ஆள் வர முடியாத பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களோடு ஒரு தடவை நானும், ஒரு தடவை செகரெட்டரியும் காலைக் கட்டிக்கொண்டு ஓடினோம். அது போதுமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன விளையாட்டு வைக்கலாம் என்பதுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன். முதலில் வீடுகளுக்குப் போங்கள். அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்றைக்கு லீவு என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். நாள் குறிப்பது அதற்குப் பிறகுதான்.