ஓமனா சேச்சியின் துப்பட்டா

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் கருங்கல் ஊரில் ஜெஸ்பின் வீட்டு மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தனியாக மட்டும் போகாதீர்கள்.

ஜெஸ்பின் ஓவியர். ஒருவர் உடுத்திய துணியைக் கேட்டு வாங்கி, கித்தானில் தைத்து, அதன் மேலேயே அவர் முகத்தை வரைவாள். துணி யாருடையதோ முகமும் அவருடையது. அதில் மட்டும் மகா கண்டிப்பு. வீட்டுப் பெண்களை எல்லாம் ஒரே சிவப்பு நூலால் இணைத்து ஒரு படம் செய்துகொண்டிருந்தாள். குவைத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா ஸ்மிதா மட்டும் பாக்கி. லீவுக்கு வந்த ஒருவர் கையில் அக்கா கொடுத்துவிட்ட பெட்டியில் நீலத் துப்பட்டா ஒன்று வந்தது.

ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு பத்து. அக்காவின் முகத்தை முடித்து, சிவப்பு நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

இரண்டு இருபதுக்கு, முகத்தின் தாடையில் ஒரு கறுப்புப் புள்ளி. மச்சம் மாதிரி... ஸ்மிதாவுக்கு மச்சமே கிடையாது. சாயம் பூசி மறைத்தாள்.

இரண்டு முப்பத்தைந்து. மச்சம் திரும்ப வந்திருந்தது.

கிர்ர்... கிர்ர்...

நூல் தானாக இறுகியது.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அது ஒனக்க துப்பட்டாதானே?"

"நீலமா? அய்யோ, மாறிப் போச்சு. அது எனக்க ரூம்ல இருந்த ஓமனா சேச்சிக்கதுட்டி. அவ செத்து ரெண்டு மாசம் ஆவுது."

"அவளுக்குத் தாடையில மச்சம் உண்டா?"

அக்காவின் குரல் தாழ்ந்தது.

"ஒனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

லைன் அறுந்தது. மணி இரண்டு நாற்பத்தொன்று.

டிசம்பரில் ஸ்மிதா வந்தாள்.

தாடையில் மச்சம்.

"பொறந்ததுலேருந்து உள்ளதுதானே? ஒனக்கு என்னட்டி ஆச்சு?" என்றாள் அம்மா நேசபாய். ஜெஸ்பின் ஆல்பத்தைப் புரட்டினாள். ஞானஸ்நானப் படம், பள்ளிக்கூடப் படம்... எல்லாவற்றிலும் மச்சம்.

"ஓமனா சேச்சின்னு சொன்னியே அக்கா..."

"அது யாருட்டி?" ஸ்மிதா சிரித்தாள்.

ஜெஸ்பின் மாடிக்கு ஓடினாள்.

படத்தில் மச்சம் இல்லை. அக்காவின் சொந்த முகம். மூடியபடி வரைந்திருந்த வாய் இப்போது திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே துணி நனைந்திருந்தது.

நூலை அறுத்தால் அக்கா திரும்பி வருவாளா? இல்லை, ஒரேயடியாகப் போய்விடுவாளா? யாரிடம் கேட்பாள், பாவம்! தினமும் இரண்டு பத்துக்குக் கத்தரிக்கோலோடு அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்கிறாள். கை எழவில்லை.

வந்தவள் குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கீழே இருந்து கூப்பிடுகிறாள்.

"ஏட்டி... அங்க தனியா யாருகிட்ட பேசுத?"